மானைத் தேடிப் போன நீர்வழி

அந்தமானுக்குப் புள்ளிமான் சொந்தமில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கே கைதிகளின் குடியிருப்பை நடத்திவந்த ஆங்கிலேய அதிகாரிகள் வேட்டைக்காக இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். அதற்கு முன் அந்தக் காடுகளில் இருந்த பெரிய விலங்கு காட்டுப்பன்றி ஒன்றுதான். புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. விட்ட இடத்தில் மான் பெருகியது. பெருகியபின், நீரோட்டம் தணியும் நேரம் பார்த்து ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு நீந்தியது. அந்தமானின் பூர்வகுடிகளான ஜாரவாக்கள் பன்றியைத் தேடி வேட்டையாடியவர்கள், புள்ளிமானைத் தொடாதவர்கள் என்று மானிடவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் காட்டில் வாழ்ந்தவர்களுக்கே அது வேற்றுயிர்.

இதெல்லாம் 1960களில் மாயாபந்தரில் வளர்ந்த எனக்குத் தெரியாது. எங்களுக்கு மான் என்றால் கறி. ஆட்டுக்கறி அபூர்வம். கப்பல் வந்தால்தான் வெங்காயமே வரும். அப்பா மரம் வெட்டும் கூப்பில் கணக்கெழுதினார். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பிழைப்புக்குக் கப்பலேறியவர். துப்பாக்கி உரிமம் வைத்திருந்த கூப்பு மேஸ்திரி ஒருவர் எங்களுக்கு உறவு, அம்மா வழியில் பெரியப்பா முறை. அந்த நாளில் உரிமம் உள்ளவர் மான் சுடுவதை ஊரில் யாரும் குற்றமாக நினைத்ததில்லை. காய்கறித் தோட்டத்தையும் நெல்லையும் மேய்ந்துவிட்டுப் போகும் பிராணியைச் சுட்டவருக்கு வெற்றிலை பாக்கு வைத்து மரியாதை செய்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

துப்பாக்கி பெரியப்பாவுடையது. ஆனால் வேட்டை அவருடையதல்ல, படகுக்காரருடையது. மாயாபந்தரை அடுத்த வேபியில் கரேன் மக்கள் இருக்கிறார்கள். 1925இல் பர்மாவிலிருந்து வனத்துறை வேலைக்காகக் கூட்டிவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கரேன் ஆண்களின் பெயருக்கு முன்னால் 'சா' என்று மரியாதை சேரும். எங்கள் படகுக்காரரை நான் சா மாமா என்றே கூப்பிட்டேன். அப்பாவும் அவரும் பேசிக்கொண்டது அந்தமான் இந்துஸ்தானியில். கடல் விஷயம் வந்தால் மட்டும் அப்பா ஊர்ப்பேச்சுக்கு மாறிவிடுவார். பவளப்பாறை பார், ஏறும் நீர் ஏத்தம், வடியும் நீர் வத்தம், மேலைக்காற்று கச்சான், வடகாற்று வாடை. சா மாமாவுக்கு அந்தச் சொற்கள் அத்தனையும் புரியும்.

போக வேண்டிய இடம் இன்டர்வியூ தீவு. மத்திய அந்தமானுக்கு மேற்கே, கரையை விட்டு விலகிக் கிடக்கும் பெரிய தீவு. மாயாபந்தர் இருப்பதோ கிழக்குக் கரையில். நடுவில் வட அந்தமானையும் மத்திய அந்தமானையும் பிரிக்கும் ஆஸ்டின் நீரிணை. இரு பக்கமும் அலையாத்திக் காடு நெருக்கும் அந்த வழியில் நுழைந்து, மேற்கே வெளிப்பட்டு, திறந்த கடலில் சிறிது தூரம் ஓடி, பவளப்பாருக்கு நடுவே உள்ள வாசலைக் கண்டுபிடித்துக் கரை ஏற வேண்டும். படகு என்பது ஒற்றை மரத்தைக் குடைந்து கரேன் கைகள் செய்த டோங்கி. துடுப்பும், ஆழம் குறைந்த இடத்தில் ஊன்றித் தள்ள ஒரு கழியும்தான் அதன் எஞ்சின்.

இந்தப் பயணத்துக்கு நாள் குறிப்பவர் சா மாமா. மாசி, பங்குனி மாதங்களில், பௌர்ணமி கழிந்த இரண்டாம் மூன்றாம் நாளைத்தான் சொல்வார். அதற்குக் காரணம் உண்டு. பௌர்ணமியன்று அந்தப் பக்கத்தில் ஏத்தம் உச்சத்துக்கு வருவது இரவு பத்து மணியை ஒட்டி. ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகத் தள்ளிப்போகும். ஆக, இரண்டு மூன்று நாள் கழித்து அது நடுஇரவை ஒட்டி வரும். அந்தி இருட்டியபின் புறப்பட்டால், நீரிணையின் ஆழம் குறைந்த நடுப்பகுதியை நிறைநீரில் கடந்துவிடலாம். அதன்பின் வத்தம் தொடங்கி, வடியும் நீரே படகை மேற்கு வாய்க்கு இழுத்துச் செல்லும். நிலவும் அந்நேரம் மேலே ஏறியிருக்கும். விடியும்போது தீவின் ஓரத்தில் நிற்கலாம். மறுநாள் நண்பகலை ஒட்டி அடுத்த ஏத்தம். அது திரும்பும் வழியில் உள்ளே தள்ளிவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த நடுஇரவுவரை காத்திருக்க வேண்டும். ஆகவே, வேட்டைக்கு நேரம் கொடுத்தது மானோ துப்பாக்கியோ அல்ல. நீர் கொடுத்த அவகாசம் விடிகாலையிலிருந்து வெயில் ஏறும்வரை. அதற்குள் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வெறும் படகோடு வர வேண்டியதுதான்.

சா மாமாவிடம் வரைபடம் கிடையாது, திசைகாட்டியும் கிடையாது. நீரிணைக்குள் கிளை ஓடைகள் ஏராளம். ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். தவறான ஓடைக்குள் நுழைந்து நீர் வடிந்துவிட்டால் சேற்றில் டோங்கி உட்கார்ந்துவிடும், சேற்றில் முதலை உண்டு. சரியான வழி எது என்று அவர் கையை நீரில் விட்டுப் பார்ப்பார். முதன்மை வழியில் இழுப்பு விடாது இருக்கும். முட்டி நிற்கும் ஓடையில் நீர் சோர்ந்துபோகும். வெளிப்பட்ட பிறகு கரையிலுள்ள உயரமான மரங்களே அடையாளம். எந்தப் படாக் மரத்துக்கு நேரே எந்த முனை வந்தால் படகைத் திருப்ப வேண்டும் என்பது அவர் மனதில் இருந்த கணக்கு. பாரின் வாசலை நிறத்தால் பிடிப்பார். விடிந்தபிறகே அதற்குள் நுழைவார், அதற்குமுன் நுழையவே மாட்டார். பவளம் மேலே நிற்கும் இடத்தில் நீர் பழுப்பாகத் தெரியும், மணல் கிடக்கும் இடத்தில் வெளிர்பச்சையாக, ஆழத்தில் கருநீலமாக. சூரியன் கண்ணுக்கு எதிரே இருந்தால் நிறம் தெரியாது. கிழக்கிலிருந்து வருகிறவருக்குக் காலைச் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். அந்த விடிகாலையைத் தேர்ந்தெடுத்ததில் அந்தக் கணக்கும் சேர்ந்திருந்தது என்பதைப் பல ஆண்டு கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

வேட்டையைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. காட்டு ஓரத்தில் காத்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரே வெடிதான். சிறுவர்களான எங்களுக்கு டோங்கியை விட்டு நகர அனுமதி இல்லை. அங்கே யானைப் பயமும் உண்டு. தீவில் மரம் வெட்டிக்கொண்டிருந்த கம்பெனி ஒன்று நொடித்துப்போய், 1962இல் சுமார் 40 யானைகளை அங்கேயே அவிழ்த்துவிட்டுப் போயிருந்தது. அப்பாவுக்கு அந்த யானைகளில் சிலவற்றைப் பெயர் சொல்லித் தெரியும். காட்டுக்குள் இருந்து முறியும் ஓசை வந்தால் அவர் முகம் மாறிவிடும், பயத்தால் அல்ல. வேலை வாங்கிய உயிர்களைக் கூலியில்லாமல் விட்டுவிட்டு வந்தாற்போல அவருக்கு ஒரு துக்கம் இருந்தது.

எனக்கு நன்றாக நினைவிருப்பது காட்டின் அடர்த்தி. கரையிலிருந்து உள்ளே நுழையவே சா மாமா தா என்னும் நீண்ட கத்தியை எடுத்து வீச வேண்டியிருக்கும். பிரம்பும் கொடியும் இளங்கன்றுகளும் நெருங்கிப் பின்னிக் கிடக்கும். பத்தடிக்கு அப்பால் நிற்கும் ஆள் தெரியாது.

கறியைக் கடற்கரையிலேயே கூறு போடுவார்கள். துப்பாக்கிக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, வந்த வீடுகளுக்கு ஆளுக்கொன்று. கரேன்கள் தங்கள் பங்கை மெல்லிய துண்டங்களாக அரிந்து உப்பிட்டுப் புகையில் காய வைப்பார்கள். எங்கள் அம்மா மிளகும் சீரகமும் அரைத்து வதக்குவாள். டோங்கி தாங்குகிற அளவுக்கு மேல் ஒரு துண்டுகூட ஏற்ற மாட்டார் சா மாமா. பெரியப்பா ஒருமுறை இன்னொரு மானைக் கண்டு துப்பாக்கியைத் தூக்கியபோது, "பாய், கடல் நம்மகிட்ட எடை கேக்கும்" என்று சொல்லித் தடுத்தார்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இந்த நாட்டுக்குத் தேவைப்பட்டது, அதில் எனக்கு ஐயமே இல்லை. பெருநிலப்பரப்பில் புலியும் மானும் அழிந்துகொண்டிருந்தன. ஆனால் பெருநிலப்பரப்பில் அரிதாகிக்கொண்டிருந்த அதே புள்ளிமான், அந்தமானில் எதிரியே இல்லாமல் பெருகிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்துக்கும் ஒரே விதி. துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக மூலைக்குப் போயின. இறைச்சி மறைவாகக் கைமாறியது. நீர்வழி தெரிந்தவர்கள் கரேன்களும் ராஞ்சியிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும்தான் என்பதால், எந்தப் பக்கம் வேட்டை நடந்தாலும் முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான் விழுந்தது. சா மாமா டோங்கியை விற்கவில்லை. மீன் பிடிக்க மட்டும் போனார். சிறுத்தை கதையைச் சொல்லி அவர் சிரிப்பது நினைவிருக்கிறது. மானைக் கட்டுப்படுத்த 1950களில் இரண்டு சிறுத்தைகளைக் கொண்டுவந்து விட்டார்களாம், இரண்டும் பெண்ணாம். தீவில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும்.

நான் வேலைக்காகச் சென்னைக்கு வந்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் மாயாபந்தரிலேயே வாழ்ந்து முடித்தார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கிய செய்தி எல்லோருக்கும் தெரியும். அதே நிலநடுக்கம் தீவுகளையே ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் தாழ்த்தியதை பெருநிலப்பரப்பில் இருப்பவர்கள் அவ்வளவாக அறியமாட்டார்கள். போர்ட் பிளேர் பக்கம் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களுக்குள் கடல் ஏறி, நிரந்தரமாகவே தங்கிவிட்டது. வடக்கே நேர் எதிர். வட அந்தமானின் மேற்குக் கரையும் இன்டர்வியூ தீவும் ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்தன. நீருக்கடியில் உயிரோடிருந்த பவளப்பார் வெளியே வந்து வெயிலில் செத்து வெளுத்தது. ஏத்தத்தின்போது நனைந்துகொண்டிருந்த அலையாத்தி மரங்கள் நீர் எட்டாமல் பட்டுப்போயின. பரம்பரையாக மனதில் வைத்திருந்த வாசல்கள் ஒரே காலையில் மூடிக்கொண்டன.

சா மாமா அப்போது இல்லை. இருந்திருந்தால் அவருடைய கணக்கு முழுவதும் கலைந்து போயிருக்கும். நிறங்களை வாசிக்கும் வித்தை மட்டும் மிஞ்சியிருக்கும்.

2024 மாசியில், வனத்துறையின் அனுமதியோடு மீண்டும் இன்டர்வியூவுக்குப் போனேன். தீவு இப்போது சரணாலயம். படகோட்டி சா மாமாவின் பேரன். நாற்பது வயதைத் தாண்டியவர், என்னைச் சாச்சா என்று கூப்பிட்டார். ஃபைபர் படகு, பின்னால் இரண்டு அவுட்போர்டு எஞ்சின்கள், முன்னால் கையகல ஜிபிஎஸ் திரை. நடுஇரவுக்கும் நிலவுக்கும் வேலையில்லை. காலை உணவு முடித்துப் புறப்பட்டோம். நீரிணைக்கு மேலே இப்போது பாலம் இருக்கிறது. அதன்மேல் பேருந்து ஒன்று போய்க்கொண்டிருந்தது.

பழைய வித்தையை இயந்திரம் கொன்றுவிட்டது என்று எழுதுவது எளிது. நான் பார்த்தது வேறு. மேற்கு வாயிலில் திரையில் நல்ல ஆழம் என்று நீலமாகக் காட்டிய இடத்தில், கண்ணெதிரே செத்த பவளம் தலைநீட்டிக்கொண்டிருந்தது. திரைக்குள் இருந்த படம் நிலம் உயர்வதற்கு முந்தைய கணக்கில் நின்றுவிட்டது. பேரன் அதைப் பொருட்படுத்தவில்லை. எஞ்சினைத் தணித்து, எழுந்து நின்று, தாத்தா பார்த்ததுபோலவே நிறம் பார்த்தார். ஆனால் அதே திரையில், அந்த நீலத்தின் மேல், சிவப்புக் கோடுகள் ஓடின. அவை ஜிபிஎஸ் கம்பெனி போட்டுக் கொடுத்தவை அல்ல. சுனாமிக்குப் பிறகு அவரும் அவருடைய அண்ணனும் ஒவ்வொரு வாசலாக, ஏத்தத்தில் ஒருமுறை வத்தத்தில் ஒருமுறை மெல்ல ஓட்டிப் பார்த்துப் பதிந்துவைத்த தடங்கள். தாத்தா மனதில் வைத்திருந்தது போன்ற நினைவை இவர்கள் இயந்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வேபியில் யாருக்கு வேண்டுமானாலும் இவர் அந்தத் தடங்களைப் பதிந்து கொடுக்கிறார். இருட்டில் வழி தவறி மேற்கே இழுத்துச் செல்லப்பட்டவர்களின் கதைகள் எங்கள் சிறுவயதில் நிறைய உண்டு. அந்தச் சிறிய திரையை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

கரையில் இறங்கியதும் திகைத்துப்போனேன். தாவால் வெட்டி நுழைந்த காடு இப்போது தடையில்லாமல் நடக்க விட்டது. மேலே பெருமரங்கள் அப்படியே நின்றன. கீழே ஒன்றுமில்லை. ஆள் நெஞ்சுயரம்வரை இலை என்பதே கிடையாது, மான் வாய் எட்டும் உயரத்தில் கோடு கிழித்ததுபோல் பசுமை தொடங்குகிறது. கன்று இல்லை, நாற்று இல்லை. விழுந்த விதைகள் முளைவிட்டதும் தின்னப்பட்டுவிடுகின்றன. மரப்பட்டைகளில் யானைகள் உரித்த தழும்புகள். நின்ற இடத்திலிருந்து மரங்களுக்கு நடுவே வெகுதூரம் பார்க்க முடிந்தது. அங்கங்கே மான்கள் நின்றன. எங்களைக் கண்டு ஓடக்கூட இல்லை.

சூழலியலாளர் ரவூஃப் அலி இதை 2004இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். வெளியிலிருந்து வந்த மானும் யானையும் சேர்ந்து தீவின் தாவரங்களை எப்படிக் குலைக்கின்றன என்பது அவருடைய பொருள். மான் மிகுந்த தீவுகளில் காட்டுத்தரையில் வாழும் பல்லியினங்கள் குறைந்துபோகின்றன என்று 2016இல் இன்னொரு ஆய்வு காட்டியது. கீழ்ச்செடி போனால் நிழல் போகிறது, ஈரம் போகிறது, பூச்சி போகிறது. அந்தப் பல்லிகளில் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. இன்று நிற்கும் பெருமரங்கள் மான் வருவதற்கு முன் முளைத்தவை. அவை விழும்போது அந்த இடத்தை நிரப்ப இளமரம் இல்லை. ஒரு காடு பச்சையாக நின்றுகொண்டே முடிந்துபோக முடியும் என்பதை அங்கேதான் கண்ணால் கண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தம் அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் தருகிறது. நல்ல திருத்தம். ஆனால் அதன் வரையறை, இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத உயிரினம் என்கிறது. புள்ளிமான் இந்திய உயிர், அந்தமான் இந்திய மண். சட்டத்தின் கண்ணுக்கு அது சொந்த வீட்டில்தான் இருக்கிறது. நடுவே கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடல் அந்த வரையறைக்குள் வரவில்லை. பயிருக்குச் சேதம் என்றால் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி தர வழி உண்டு. காட்டு நாற்றுக்காக மனுக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

மானைக் கொல்லச் சொல்கிறேன் என்று என் மகளே என்னிடம் கோபித்துக்கொண்டாள். ரோஸ் தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் இடிபாடுகளுக்கு நடுவே மானோடு படமெடுத்துக்கொள்கிறார்கள். அந்த அன்பை நான் குறைவாக மதிக்கவில்லை. அந்த அன்புக்குள் பல்லிக்கும் பிரம்புக்கும் படாக் கன்றுக்கும் இடம் வேண்டும் என்கிறேன். நியூசிலாந்தில் 1930களிலேயே அரசு சம்பளம் கொடுத்து ஆட்களை மலைக்கு அனுப்பி, ஐரோப்பியர்கள் கொண்டுவந்த மானைக் குறைக்கத் தொடங்கியது. கனடாவின் ஹைடா குவாயில், ஹைடா மக்களும் தேசியப் பூங்காத் துறையும் சேர்ந்து, வெளியிலிருந்து வந்த மான்களைச் சில தீவுகளிலிருந்து அகற்றினார்கள். மானை வெறுத்துச் செய்ததல்ல, செடார் கன்றுகள் எழும்பட்டும் என்று செய்தார்கள்.

இன்டர்வியூவிலிருந்து திரும்பும் வழியில் பேரனிடம் கேட்டேன், இங்கே மானைக் குறைக்க உங்களால் முடியுமா என்று. அவர் உடனே பதில் சொல்லவில்லை. வாசலைக் கடந்து ஆழத்துக்கு வந்த பிறகு பேசினார்.

"பெரிய தீவில கை வைக்காதீங்க சாச்சா. சின்னதுல ஆரம்பிக்கணும். ஓட்டம் பலமா இருக்கற கால்வாய்க்கு அந்தப்பக்கம் இருக்கற தீவா பாத்து எடுக்கணும். அப்பதான் மறுபடி நீந்தி வராது. எது எதுன்னு எங்களுக்குத் தெரியும். லிட்டில் அந்தமான்ல இன்னும் மான் இல்ல, அங்க போகாம பாத்துக்கணும், அது முதல் வேலை."

"துப்பாக்கி?"

"அது வனத்துறைகிட்ட இருக்கட்டும். கணக்கும் அவங்க எழுதட்டும். படகு எங்களோடது, வழி எங்களோடது. ஒளிஞ்சு போகாம, பேர் எழுதிக் கொடுத்துட்டுப் போகணும். எங்க ஆளுங்க அதைத்தான் கேப்பாங்க."

எந்த மாதம் வசதி என்று கேட்டேன். தையில் வாடை தணியும், மாசியும் பங்குனியும் நல்லது, சித்திரை பாதிவரை தாங்கும் என்றார். வைகாசியில் கச்சான் எழுந்துவிட்டால் மேற்குக் கரையில் எந்தப் படகும் ஒதுங்க முடியாது. அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவதாக இருந்தால் ஐப்பசிக்குள் அனுப்பச் சொன்னார். அனுமதி வந்துசேர மூன்று மாதமாவது ஆகும், அதற்குள் எஞ்சினையும் சரிபார்த்து வைக்க வேண்டும்.